மண்ணும் எண்ணும் அறிந்த மகாலனோபிஸ்

இந்தியப் புள்ளியியலின் தந்தையெனப் போற்றப்படும் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 29-6-1893 அன்று கல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று திரும்பி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் அதையே கற்பித்தார். 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார்.

வங்கத்தின் சணல் பரப்பை அறிய, மாதிரி நிலத்துண்டுகளை மட்டும் அளந்து மொத்தத்தை மதிப்பிட்டார். ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, முடிவுகளை ஒப்பிட்டுப் பிழையைக் கண்டறிந்தார்.

1936-இல் அவர் வெளியிட்ட அளவை ‘மகாலனோபிஸ் தொலைவு’ எனப் பெயர் பெற்றது. ஒரு பொருள் எக்கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை, அக்கூட்டத்தின் நடுவிலிருந்து உள்ள தூரத்தோடு அதன் சிதறலையும் கருதிக் கூறுவது அது. செயற்கைக்கோள் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சில எண்களே. வயல், காடு, ஏரி என அறிந்த இடங்களைக் காட்டிக் கணிப்பொறியைப் பழக்கிவிட்டால், அறியாத புள்ளியையும் இவ்வளவையால் இனம் பிரிக்கலாம்.

அவர் மறைந்தது 28-6-1972. நிலவளம் காணும் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டதோ அதற்கு 25 நாள் கழித்து!

உழவர் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். அறுவடை முடிந்த வயலைக் கணிப்பொறி தரிசெனப் பிரித்துவிட்டால், ஓர் உழவனின் உழைப்பே ஏட்டில் இல்லாமற் போகும். ஆகவே நேரில் சென்று சரிபார்த்தல் வேண்டும். இரு குழுக்களை அனுப்பிய அப்பெரியாரிடம் நான் கற்கும் முதற்பாடம் இதுவே.