மாக்கியவெல்லி வரலாறு

சூழ்ச்சியும் வஞ்சமும் மிக்க அரசியலாளரை ஆங்கிலேயர் 'மாக்கியவெல்லியன்' என்னும் அடைமொழியால் இகழ்வர். செய்தித்தாள்களில் இச்சொல்லைக் காணும் நம் சங்கத்து இளைஞர், இஃது ஒருவரது குடிப்பெயரினின்று பிறந்ததென்பதை அறிதல் நன்று. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நிக்கோலோ மாக்கியவெல்லி என்பார் இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் கி. பி. 1469ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பெருஞ்செல்வர் அல்லர். ஆயினும் நூல்களைப் பொன்னெனப் போற்றியவர். அந்நகர் குடியரசாக விளங்கிய காலத்தில், 1498இல், தமது 29ஆம் வயதில் மாக்கியவெல்லி அரசாங்கச் செயலாளருள் ஒருவராயினார். பதினான்கு ஆண்டுகள் அப்பதவியிலிருந்து, பிரெஞ்சு மன்னரிடத்தும் பிறரிடத்தும் தூது சென்றார். கூலிப்படையை நம்பிய நாடு நிலைபெறாதெனத் துணிந்து, 1506இல் குடிமக்களைக் கொண்டே படை திரட்டினார்.

1512இல் ஸ்பானியர் படைத்துணையால் மெடிச்சி குலத்தார் மீண்டும் ஆட்சி எய்தினர். மாக்கியவெல்லி பதவி இழந்தார். மறு ஆண்டு, சதி செய்தாரென்னும் ஐயத்தால் சிறைப்பட்டு, கைகளைப் பின்னே பிணித்துக் கயிற்றில் தூக்கி வீழ்த்தும் கொடுந்தண்டத்தைப் பலமுறை பட்டார். எனினும் குற்றத்தை ஒப்புக்கொண்டாரல்லர். மெடிச்சி குலத்தவர் ஒருவர் பாப்பரசரானபொழுது வழங்கிய பொதுமன்னிப்பால் விடுதலை பெற்றுச் சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தார். பகலில் ஊராரோடு பழகுவார். மாலையில் அரசவைக்குரிய ஆடை புனைந்து, முன்னோர் நூல்களைக் கற்பார். அங்ஙனம் வாழுநாளில் எழுதியதே 'அரசன்' என்னும் சிறு நூல்.

அரசர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்று அறநூலார் கூறினர். இவரோ, அரசர் உண்மையில் எவ்வாறு நடந்து ஆட்சியைக் காக்கின்றனர் என்று எழுதினார். வேண்டுங்கால் வாக்குப் பிறழ்தலும் தகும் என்று அந்நூல் உரைப்பது மெய்யே. அதனை நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆயினும், ரோம வரலாற்றை ஆராய்ந்து இவர் எழுதிய மற்றொரு பெருநூலில் குடியரசின் சிறப்பையே விரித்துள்ளார். அதனைப் பலர் கண்டிலர்.

1527இல் மெடிச்சியர் துரத்தப்பட்டுக் குடியரசு மீண்டது. ஆயினும் அவர்களிடம் ஊழியஞ் செய்தாரென்று கருதி அக்குடியரசு இவரை ஏற்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 21ஆம் நாள் இவர் உயிர்நீத்தார். 1532இல் 'அரசன்' அச்சேறிற்று; 1559இல் பாப்பரசரது விலக்கு நூற்பட்டியில் இவர்தம் நூல்கள் சேர்க்கப்பட்டன.

இங்கிலாந்திலோ அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1640இல்தான் அச்சாயிற்று. அதற்கு முன்னரே நாடகமேடைகளில் இவர் பெயர் வஞ்சகன் பெயராக வழங்கிற்று, அடைமொழியும் பரவிவிட்டது. நூலைக் கல்லாதார் பலர் ஒருவர் பெயரைப் பழிச்சொல்லாக்கினர் என்பது இதனால் விளங்கும். யாதொரு மனிதரையும் குடியையும் பற்றிப் பிறர் கூறும் சொல்லை ஏற்குமுன், மூலத்தை ஆராய்ந்து தெளியும் பழக்கத்தை நம் மக்கட்குப் பயிற்றுதல் பெற்றோர் கடனாம்.