கம்பம் மலைக்கும் மடகாஸ்கருக்கும் என்ன உறவு? வெகனரின் கதை

கம்பம் பள்ளத்தாக்கின் இருபுறமும் நிற்கும் மலைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைதான். இதே ரகப் பாறைகள் கடல் தாண்டி மடகாஸ்கரிலும் கிடக்கின்றன. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியே இருந்தவை.

கண்டங்கள் இப்படிப் பிரிந்து நகர்ந்தன என்று விரிவான ஆதாரங்களோடு வாதாடியவர் ஆல்ஃபிரட் வெகனர். 1880-ல் பெர்லினில் பிறந்தவர். படித்தது வானியல், பார்த்த வேலை வானிலை ஆய்வு. 1912-ல் இதைப் பேசியபோது, வெதர் பார்க்கிறவருக்குப் பாறையில் என்ன வேலை என்கிற மாதிரிதான் பலரும் பார்த்தார்கள். முதல் உலகப் போரில் குண்டடி பட்டு ஓய்வில் இருந்த நாட்களில் புத்தகமாகவே எழுதி, 1915-ல் வெளியிட்டார். எதிர்ப்பெல்லாம் வீம்பு என்றும் சொல்லிவிட முடியாது. அவ்வளவு பெரிய கண்டத்தைத் தள்ளுவது எது? அவர் சொன்ன விசைகள் அதற்குப் போதவில்லை.

1930 நவம்பர். கிரீன்லாந்தின் நடுப்பனியில் முகாமிட்டிருந்த சகாக்களுக்கு உணவு கொண்டுசேர்க்கக் கிளம்பிப் போனவர், திரும்பும் வழியில் இறந்துபோனார். வயது 50. அடுத்த மே மாதம்தான் உடல் கிடைத்தது; அங்கேயே பனிக்குள் புதைத்தார்கள்.

கடலடித் தரை நடுவில் பிளந்து விரிகிறது என்பது 1960-களில் தெரிந்த பிறகே, புவித்தட்டுகள் நகர்வதை அறிவியல் உலகம் ஏற்றது. அப்போது அவர் மனைவி எல்ஸே உயிரோடு இருந்தார்.