நாட்டியக்காரர் கொண்டுவந்த மசோதா

ருக்மிணி தேவி அருண்டேல்னு சொன்னா உங்களுக்கு பரதநாட்டியமும் கலாக்ஷேத்ராவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஜி.கே. புத்தகமும் அதோட நிறுத்திடும். ஆனா பயோமெடிக்கலோ பயோடெக்கோ படிக்கிற நீங்க புராஜெக்டுக்காக ஒரு எலியைத் தொடணும்னாலும் முதல்ல அனுமதி வாங்கணுமே, அந்த ஏற்பாடு எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடிப் போனா இவர்கிட்டதான் போய் நிப்பீங்க.

1904 பிப்ரவரி 29, மதுரையில் பிறந்தார். லீப் வருஷக் குழந்தை. அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறை இன்ஜினியர் (நம்ம ஆளு!). பிரம்மஞான சபையில் ஈடுபாடு உள்ளவர் என்பதால் ஓய்வுக்குப் பிறகு குடும்பம் சென்னை அடையாறுக்குப் போனது. 1920-ல், 16 வயதில், தன்னைவிட 25 வயது மூத்த ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரைத் திருமணம் செய்துகொண்டார். ஊரே கொதித்தது. ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை நாட்டியத்தின் பக்கம் திருப்பியது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-ல் மேடை ஏறினார். 1936-ல் கலாக்ஷேத்ரா. பரம்பரையாக ஆடிவந்த பெண்களின் கலையை அவர் மாற்றிவிட்டார் என்ற விவாதம் இன்னைக்கும் ஓயலை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். நியமன உறுப்பினரான முதல் பெண் அவர்தான். நாட்டியத்துக்காகக் கிடைத்த பதவியை அவர் விலங்குகளுக்காகப் பயன்படுத்தினார். அப்போது இருந்தது 1890-ஆம் வருஷத்து ஆங்கிலேயர் சட்டம். தெருவில் வண்டிமாட்டை அடித்தால் கேட்கலாம், ஆய்வகத்துக்குள் நடப்பதைக் கேட்க அதில் வழியில்லை. 1953-ல் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பிரதமர் நேரு குறுக்கிட்டு, அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று உறுதி தந்தார். அதை நம்பி ருக்மிணி தேவி மசோதாவைத் திரும்பப் பெற்றார். 7 வருஷம் காத்திருந்தார். 1960 டிசம்பரில்தான் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் சோதனைகளைத் தடை செய்யவில்லை. 14-ஆம் பிரிவு, நோயை வெல்லவும் உயிர்களைக் காக்கவும் நடக்கும் சோதனை குற்றமல்ல என்றே சொல்கிறது. சைவ உணவுக்காக உலகம் முழுக்கப் பேசிய ஒருவருக்கு அது கசந்திருக்கும்னு எனக்குத் தோணுது. இங்கேதான் சிக்கலே இருக்கு. ஒகேனக்கல் போனா உங்க கையில இருக்கிற பொரியைப் பிடுங்குமே நாட்டுக்குரங்கு, அதோட வடநாட்டு உறவு ரீசஸ் குரங்கு. போலியோ தடுப்பூசியை உருவாக்க அதன் சிறுநீரகச் செல்கள் தேவைப்பட்டன. 1950-களில் ஒரே வருஷத்தில் லட்சத்துக்கும் மேலான குரங்குகள் இந்தியாவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் போயின. அந்தத் தடுப்பூசி நம்ம கால்களைக் காப்பாற்றியதும் உண்மை, கூண்டிலேயே பல குரங்குகள் செத்ததும் உண்மை. குரங்கு ஏற்றுமதியை எதிர்த்தவர்களில் ருக்மிணி தேவியும் ஒருவர். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அதைத் தடை செய்தது. முந்தின வருஷம்தான் அதே மொரார்ஜி அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்குக் கேட்டிருந்தார். வேண்டாம்னுட்டார்.

1962-ல் விலங்குகள் நல வாரியம் சென்னையில் தொடங்கியபோது அவர்தான் தலைவர். 1986 பிப்ரவரி 24 அன்று இறக்கும்வரை அந்த வேலையைச் செய்தார்.

சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு 1964-ல் அமைந்தது. ஆனா 1998-ல் விதிகள் வந்த பிறகுதான் அதுக்கு நிஜமா உயிர் வந்தது. இப்போ சி.சி.எஸ்.இ.ஏ. என்ற பெயரில், கால்நடைத் துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கு. விலங்குகளை வைத்துச் சோதனை செய்யும் நிறுவனம் எதுவானாலும் அங்கே பதிவு செய்யணும், உள்ளுக்குள்ள ஒரு நெறிமுறைக் குழுவும் வைக்கணும். அந்தக் குழுவில் வெளி நிறுவனத்து விஞ்ஞானி ஒருவர், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவர், மத்தியக் குழு நியமிக்கும் ஒருவர் கட்டாயம் இருக்கணும்.

இதை ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு இன்டர்ன்ஷிப் போறவங்க சிலர் அனிமல் ஹவுஸ் உள்ள லேப்ல நிப்பீங்க. தண்ணி பாட்டில் காலியா இருக்கலாம். மயக்க மருந்து சரியா ஏறாமலே கத்தி வைக்கலாம். மயக்கம் கொடுத்துத்தான் அறுக்கணும், சின்ன விலங்கு போதும்னா பெரிய விலங்கைத் தொடக் கூடாது, கைப்பழக்கத்துக்காக மட்டும் அறுக்கக் கூடாது, எல்லாத்துக்கும் பதிவேடு வேணும். இதெல்லாம் 17-ஆம் பிரிவு சொல்றது. யாரோட கருணையையும் நம்பி நீங்க கேட்க வேண்டியதில்லை.

பார்த்ததைத் தேதி, நேரம், கூண்டு எண்ணோட அன்னைக்கே எழுதி வைங்க. முதல்ல அங்க இருக்கிற கால்நடை மருத்துவர்கிட்ட சொல்லுங்க. அவர் கண்டுக்கலைன்னா நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்க. கைடுக்குப் பயமா இருந்தா, மத்தியக் குழு நியமிச்ச அந்த உறுப்பினருக்கே எழுதலாம், அவருக்கு உங்க இன்டர்னல் மார்க் மேல அதிகாரம் கிடையாது. அதுக்கும் மேல சி.சி.எஸ்.இ.ஏ. இருக்கு. சோதனை விதியை மீறினா அபராதம் வெறும் 200 ரூபாய், 1960-ல் எழுதினபடியே. ஆனா 18-ஆம் பிரிவுப்படி குழுவின் ஆள் லேப்புக்குள்ள வந்து பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். 19-ஆம் பிரிவுப்படி அங்கே சோதனையையே நிறுத்தச் சொல்லலாம். நிர்வாகம் பயப்படுறது இந்த ரெண்டுக்கும்தான்.