சாமுவேல் அடம்ஸ்: வரி அறவிடாத வரி அறவீட்டாளர்

2009 ஏப்ரல் 15, அமெரிக்காவில் வருமான வரி விபரம் கையளிக்கக் கடைசி நாள். ஒபாமா பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாடெங்கும் பல நகரங்களில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். சிலர் 18ஆம் நூற்றாண்டின் முக்கோணத் தொப்பியும் அணிந்திருந்தார்கள். கட்டிய வரி போதும், அரசு இனியும் செலவழிக்கக்கூடாது என்பது அவர்களின் கோபம். அந்தப் பழமைவாத இயக்கம் தனக்குத் 'தேநீர் விருந்து' என்று பெயர் சூட்டிக்கொண்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சி கீழ்சபையில் 63 ஆசனங்களைக் கூடுதலாக வென்றதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அது உரிமை கொண்டாடிய மூதாதையர்களில் ஒருவர் சாமுவேல் அடம்ஸ்.

அடம்ஸ் 1722இல் பொஸ்டனில் பிறந்தவர். தகப்பனார் பியர் வடிப்பதற்கான முளைதானியம் செய்து விற்றவர். காணியை ஈடாக வைத்துக் கடன் கொடுத்த உள்ளூர் வங்கி ஒன்றின் இயக்குநர்களில் ஒருவர். லண்டன் பாராளுமன்றம் 1741இல் அந்த வங்கியைச் சட்டவிரோதமாக்கியது. வங்கியின் கடனுக்கு இயக்குநர்களின் சொந்தச் சொத்தே பொறுப்பானது. தகப்பனார் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகும், 1758இல், குடும்பச் சொத்தை ஏலம்விட அதிகாரி வந்தார். வழக்குப் போடுவேன் என்று மிரட்டித்தான் அடம்ஸ் அதைத் தடுத்தார். தான் வாக்களிக்காத சபையொன்றின் அதிகாரம் என்னவென்பதை அவர் சொந்த வீட்டு வாசலில் கண்டார்.

1756 முதல் 1765 வரை அவருக்கு நகரத்தில் வரி அறவிடும் வேலை. இல்லாதவர்களிடம் கறாராக நிற்கவில்லை. நிலுவை 8,000 பவுணளவில் ஏறியது. எதிரிகள் மோசடி என்றார்கள். ஊர் அவரையே தங்கள் பிரதிநிதியாகச் சட்டசபைக்கு அனுப்பியது.

1768இல் பிரித்தானியப் படை பொஸ்டனில் வந்திறங்கியது. ஊருக்குள் இராணுவம் குந்தியிருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1770 மார்ச் 5 இரவு நடந்த சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். மறுநாள் ஊர்க்கூட்டத்தின் சார்பில் பதில் ஆளுநர் ஹட்சின்சனிடம் போனவர் அடம்ஸ். ஒரு படைப்பிரிவை அனுப்பலாம் என்றார் ஹட்சின்சன். ஒன்றை அனுப்ப முடிந்தால் இரண்டையும் அனுப்பலாமே என்று அடம்ஸ் விடாப்பிடியாக நின்றார். இரண்டும் நகரை விட்டுத் தீவுக் கோட்டைக்குப் போயின.

பிறகுதான் தேயிலை. 1773ஆம் ஆண்டுச் சட்டம் தேயிலை விலையைக் கூட்டவில்லை, குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பனியிடம் விற்காத தேயிலை மலையாகக் கிடந்தது. அதைத் தன் முகவர்கள் மூலம் நேரே மலிவாக விற்கக் கம்பனிக்கு வழி விட்டார்கள். இறாத்தலுக்கு மூன்று பென்ஸ் தீர்வை மட்டும் அப்படியே இருந்தது. முகவர்களில் ஹட்சின்சனின் மகன்மாரும் அடக்கம். மலிவுத் தேயிலையை வாங்கினால் லண்டனுக்கு வரி விதிக்கும் உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டதாகும் என்பது அடம்ஸின் வாதம். டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் கடலில் போயின. அது சீனத் தேயிலை. எங்கள் மலையகத்தில் அப்போது தேயிலைச் செடியே கிடையாது. ஆனால் கம்பனி எங்களுக்கும் அந்நியமில்லை. அதன் படையும் சேர்ந்துதான் 1795இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தது.

அந்த இரவை அவர்கள் 'தேயிலை அழிப்பு' என்றே சொன்னார்கள். 'தேநீர் விருந்து' என்ற பெயர் பரவியது அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

2009இன் மேடைகளுக்கு வசதியில்லாத பகுதி இனித்தான் வருகிறது. சுதந்திரத்தின் பின், 1786இல், மேற்கு மசசூசெற்ஸ் விவசாயிகள் வரியும் கடனும் தாங்காமல் நீதிமன்றங்களை மறித்தார்கள். பலர் விடுதலைப் போரில் சண்டையிட்டவர்கள். தலைவர்களில் ஒருவரான டானியல் சேய்ஸ் அந்தப் படையில் கப்டன். அடம்ஸ் இரக்கம் காட்டவில்லை. மன்னருக்கு எதிராக எழுந்தவரை மன்னிக்கலாம், மக்களே தெரிவுசெய்த குடியரசுக்கு எதிராக எழுந்தவருக்கு மரணமே தகும் என்றுகூட வாதிட்டார். வரி எவ்வளவு என்பதைவிட, விதிப்பவரை யார் தெரிவுசெய்தார் என்பதுதான் கடைசிவரை அவருடைய கேள்வி. ஒரு காலத்தில் ஏழைகளின் நிலுவையைப் பொறுத்திருந்தவர், இந்த விவசாயிகளின் வறுமையைப் பார்த்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சேய்ஸை மன்னித்தது அடுத்து ஆளுநரான ஜோன் ஹான்கொக்.

அடம்ஸும் பின்னர் ஆளுநராகி 1797இல் ஓய்வுபெற்றார். கையில் காசு சேர்த்ததில்லை. போரில் படை வைத்தியராக இருந்த மகன் 1788இல் இறந்துபோக, அவருக்கு அரசு தரவேண்டியிருந்த பணமே தகப்பனாரின் முதுமைக்கு உதவியது. 1803 ஒக்டோபர் 2ஆம் திகதி, 81 வயதில் அடம்ஸ் காலமானார். பொஸ்டனின் கிரானரி மயானத்தில், 1770இல் சுடப்பட்ட ஐவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருடைய கல்லும் இருக்கிறது.