ஹிட்சம் கிராமத்துப் பூப்பாடம்

சார்லஸ் டார்வினை அறியாத மாணவி இல்லை. அவருக்கு ஆசானாயிருந்து, 1831-இல் பீகிள் கப்பலில் செல்ல அவர் பெயரைப் பரிந்துரைத்தவர் ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ. இந்த ஒரு செயலுக்காகவே உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் எங்கள் மனத்தைக் கவர்ந்தது அவருடைய திங்கட்கிழமை வகுப்புத்தான்.

1796-இல் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் நகரில் பிறந்த ஹென்ஸ்லோ, 1825-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். அவர் ஆங்கிலிக்கன் சபைக் குருவானவருங்கூட. 1837-இல் சஃபோக் பகுதியிலுள்ள ஹிட்சம் கிராமத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1839-இல் குடும்பத்தோடு அங்கேயே குடியேறிவிட்டார். இத்தனை பெரிய படிப்பாளி பட்டிக்காட்டிற்குப் போய்விட்டாரே என்று எங்களுக்கு முதலில் வருத்தமாகக்கூட இருந்தது.

ஹிட்சம் மக்களில் பெரும்பாலோர் ஏழைப் பண்ணைக் கூலிகள். அவர்கள் சொந்தமாகக் காய்கறி பயிரிடச் சிறு நிலத்துண்டுகள் வேண்டும் என்று ஹென்ஸ்லோ பாடுபட்டார். பண்ணைக்காரர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர், அவர் பணியவில்லை. பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியும் ஏற்படுத்தினார். 1850-களில் அப்பள்ளியில் தாமே தாவரவியல் கற்பிக்கத் தொடங்கினார். அது கட்டாயப் பாடமன்று, விரும்பியவர் சேரலாம். சேர்ந்தவர்களில் மிகுதியானோர் சிறுமியரே.

விரும்பினால் மட்டும் போதாது! சில கடினமான தாவரவியல் சொற்களைப் பிழையின்றி எழுதிக் காட்டினால்தான் வகுப்பில் இடம். இருவித்திலைத் தாவரம் என்பதைத் தேர்வில் பிழையாக எழுதும் நாங்கள் அங்கே வாசலிலேயே நின்றிருப்போம்.

பாடம் புத்தகத்தில் இல்லை, கையிலுள்ள பூவில் இருந்தது. சிறுமியர் வேலியோரத்திலும் வயலிலும் காட்டுப் பூக்களைப் பறித்து வருவர். அவற்றைக் குப்பிகளில் இட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டி, பள்ளியில் வரிசையாக வைப்பர். பிறகு பூவை வெளிப்புறமிருந்து ஒவ்வோர் அடுக்காகப் பிரிப்பர். புல்லி எத்தனை, அல்லி எத்தனை, மகரந்தத்தாள் எத்தனை, அவை இணைந்துள்ளனவா, தனித்துள்ளனவா என்று அட்டவணையில் குறிப்பர். இந்த அட்டவணை முறையை வகுத்தவரும் ஹென்ஸ்லோவே.

கூலிக்காரர் வீட்டுப் பெண்களுக்கு இது எதற்கு என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். அக்காலத்திலும் அப்படிக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஹென்ஸ்லோ அவர்களைத் தாவரவியல் அறிஞர்களாக்க முயலவில்லை. உற்று நோக்கவும், பார்த்ததைச் சரியாகச் சொல்லவும், தானாகச் சிந்திக்கவும் அவர்கள் பழக வேண்டும் என்பதே அவர் எண்ணம். விக்டோரியா அரசியாரின் பிள்ளைகளுக்குத் தாவரவியல் கற்பிக்க அரண்மனைக்கு அழைக்கப்பட்டபோதும், ஹிட்சம் சிறுமியருக்குச் சொன்ன முறையிலேயே அவர்களுக்கும் சொன்னார். இதைப் படித்தபோது கேள்வி கேட்டவள் மௌனமாகிவிட்டாள்.

கிராமத்தாரை வெளியூர்களுக்கும் அழைத்துச் சென்றார். 1851-இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியை அவர்கள் கண்டது அவரால்தான்.

1861-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹென்ஸ்லோ ஹிட்சமிலேயே காலமானார். அவர் விட்டுச்சென்ற பாடக்குறிப்புகளைக் கொண்டு டேனியல் ஆலிவர் என்பவர் 1864-இல் ஒரு தாவரவியல் பாடநூல் வெளியிட்டார். 1869-இல் இந்திய மாணவர்களுக்கென நம் நாட்டுச் செடிகளை வைத்து இன்னொரு நூலும் எழுதினார். வேலியோரப் பூவைப் பிரித்து எண்ணிய அந்தச் சிறுமியரின் பாடம், இவ்வாறு கடல் கடந்து நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது.