ஜான் ஹாம்ப்டனும் இருபது ஷில்லிங்கும்

சர்க்காரிடமிருந்து எதிர்பாராத வரிச் சீட்டு ஒன்று வந்து சேரும்போது, சாதாரண மனிதன் முதலில் பார்ப்பது தொகையைத்தான். தொகை பெரிதானால் கலங்குகிறான். சிறிதானால், இதற்காகக் கச்சேரிப் படி ஏறி இறங்குவானேன் என்று கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறான். கேட்பவருக்குக் கேட்கும் அதிகாரம் உண்டா என்ற கேள்வி பதினாயிரத்தில் ஒருவருக்கே தோன்றுகிறது. அவ்விதம் தோன்றிய ஒருவருடைய சரித்திரத்தை இன்று நம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவரிடம் கேட்கப்பட்ட தொகை 20 ஷில்லிங், அதாவது ஒரே ஒரு பவுன். அவரோ இங்கிலாந்தில் பிரபு பட்டம் பெறாத செல்வர்களுள் முன்வரிசையில் இருந்தவர். அந்த ஒரு பவுன் ஒரு ராஜ்யத்தையே அசைத்தது.

ஜான் ஹாம்ப்டன் 1595-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். பக்கிங்ஹாம்ஷயர் ஜில்லாவில் பல தலைமுறைகளாக நிலம் ஆண்டுவந்த குடும்பம் அவருடையது. தந்தையார் 1597-லேயே காலமானார். தாயார் எலிசபெத், பிற்காலத்தில் புகழ் பெற்ற ஆலிவர் கிராம்வெலுக்கு அத்தை முறை. தேம் என்னும் ஊரின் பள்ளியிலும், பிறகு ஆக்ஸ்போர்டு மாடலின் கலாசாலையிலும் படித்து, 1613-ல் லண்டன் இன்னர் டெம்பிளில் சட்டம் பயிலச் சேர்ந்தார். சட்டத்தை அவர் ஜீவனத்துக்காகக் கற்கவில்லை; ஆயினும் அந்தக் கல்வி வீண் போகவில்லை என்பதைப் பின்னர் காண்போம். 1621-ல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். அதிகம் பேசுபவர் அல்லர்; குழுக்களில் அமைதியாக உழைப்பவர்.

முதலாம் சார்லஸ் மன்னர் 1625-ல் பட்டத்துக்கு வந்தார். பார்லிமெண்டு கேட்ட பணத்தைக் கொடுக்காதபோது, 1626-ல் பிரஜைகளிடம் கடன் என்ற பெயரால் கட்டாயப் பணம் தண்டத் தொடங்கினார். ஹாம்ப்டன் கொடுக்க மறுத்தார். விசாரணை ஏதுமின்றிச் சிறையில் வைக்கப்பட்டார். 1628-ல்தான் விடுதலை கிடைத்தது. அவ்வாண்டே பார்லிமெண்டின் சம்மதமின்றி வரியோ கடனோ தண்டலாகாது என்ற உரிமை மனுவை மன்னர் ஏற்றுக்கொண்டார். ஏற்ற மறுவருஷமே பார்லிமெண்டைக் கலைத்துவிட்டு, 11 ஆண்டுகள் அதைக் கூட்டாமலே ஆண்டார். ஹாம்ப்டனுடைய ஆப்த நண்பர் ஸர் ஜான் எலியட், பார்லிமெண்டில் பேசியதற்காக லண்டன் கோட்டையில் அடைக்கப்பட்டு, 1632-ல் அங்கேயே உயிர் நீத்தார்.

பார்லிமெண்டு இல்லாமல் ஆள்வதற்கும் பணம் வேண்டும். பழைய ஏடுகளைப் புரட்டிய மன்னரின் சட்ட நிபுணர்கள் கப்பல் வரி என்ற ஒன்றைக் கண்டெடுத்தார்கள். யுத்த காலங்களில் முற்கால அரசர்கள் துறைமுகப் பட்டினங்களிடமிருந்து கப்பல்களோ, அவற்றுக்கு ஈடான பணமோ பெற்றதுண்டு. 1634-ல் கடற்கரை ஊர்களுக்கு இந்த உத்தரவு சென்றது. அப்போது யுத்தம் ஏதும் இல்லை. 1635-ல் உள்நாட்டு ஜில்லாக்களுக்கும் சென்றது. கடல் அலையின் ஓசையே எட்டாத பக்கிங்ஹாம்ஷயர், 450 டன் கப்பல் ஒன்றை ஆயத்தம் செய்ய வேண்டும். அல்லது 4,500 பவுன் செலுத்த வேண்டும். இத்தொகையை ஊர் ஊராகப் பங்கிட்டு வசூலிக்கும் பொறுப்பு ஷெரீப்பின் தலையில் விழுந்தது. கட்டாதவர்களின் ஆடுமாடுகளும் தட்டுமுட்டுகளும் ஜப்தியாயின.

மன்னர் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அக்காலத்தில் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளைக்காரர்கள் இங்கிலாந்தின் கரை வரை வந்து ஜனங்களைச் சிறைபிடித்துச் சென்றது மெய். வசூலான பணம் பெரும்பாலும் கடற்படைக்கே செலவாயிற்று என்பதும் மெய். தலைக்கு விழுந்த பங்கும் பெரிதன்று. இவ்வளவும் இருந்தும் அது அநீதியே. நல்ல காரியத்துக்குச் செலவிடப்படுகிறது என்பதால் மட்டும் ஒரு வரி சட்டபூர்வமாகிவிடாது. ஒரு வருஷம் ஆபத்து என்று கேட்டவர், மறுவருஷமும் அதற்கடுத்த வருஷமும் கேட்டார். ஆபத்து உண்டா என்று முடிவு செய்பவரும் அவரே, எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்பவரும் அவரே, தண்டுபவரும் அவரே. பிறகு பார்லிமெண்டு எதற்கு?

1636 ஜனவரியில் கிரேட் கிம்பிள் என்னும் சிற்றூரில் வரி கட்ட மறுத்தவர்களின் ஜாபிதா ஒன்று எழுதப்பட்டது. அதன் தலைப்பில் ஹாம்ப்டனின் பெயர் இருந்தது. அவருக்குக் கீழே சிறு விவசாயிகள் பலர். வரியை மதிப்பிட்டுத் தண்ட வேண்டிய ஊர் அதிகாரிகளின் பெயர்களும் அதே ஜாபிதாவில் இருந்தன. சில ஷில்லிங்குகளுக்காக ஜப்திக்கு அஞ்சாத அந்த எளிய குடியானவர்களையும் நாம் ஹாம்ப்டனுடன் சேர்த்தே நினைக்க வேண்டும். செல்வர் ஒருவர் மறுப்பதற்குத் துணிவு வேண்டும். ஏழை மறுப்பதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும்.

மறுத்தவர் பலருள் ஹாம்ப்டன் மீதே சர்க்கார் வழக்குத் தொடர்ந்தது. ஸ்டோக் மாண்டெவில் என்னும் ஊரிலிருந்த நிலத்துக்கு விதிக்கப்பட்ட 20 ஷில்லிங்கே வழக்கின் பொருள். 1637 பிப்ரவரியில், வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே, மன்னர் 12 நீதிபதிகளையும் தனியே கேட்டுத் தமக்குச் சாதகமான அபிப்பிராயத்தைக் கையெழுத்துடன் வாங்கி வைத்துக்கொண்டார். தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது போன்ற நிலைமை. தெரிந்தும் ஹாம்ப்டன் பின்வாங்கவில்லை.

1637 நவம்பரில் எக்ஸ்செக்கர் சேம்பர் மன்றத்தில் 12 நீதிபதிகள் முன்னிலையில் விவாதம் தொடங்கியது. ஹாம்ப்டனுக்காக ஆலிவர் செயின்ட் ஜானும் ராபர்ட் ஹோல்போர்னும் வாதித்தார்கள். சட்டம் பயின்ற நாம் செயின்ட் ஜானின் வாதத்தை இன்றும் வியக்கிறோம். ராஜ்யத்துக்கு ஆபத்து உண்டா என்று தீர்மானிக்கும் உரிமையை அவர் மன்னரிடமிருந்து பறிக்க முயலவில்லை, அதை விட்டுக்கொடுத்தார். பிரஜையின் பொருளை எடுப்பதற்கு உரிய வழி பார்லிமெண்டு ஒன்றே என்பதில் மட்டும் அசையாமல் நின்றார். 1635 ஆகஸ்டில் பிறந்த உத்தரவு, கப்பல் மறு ஆண்டு மார்ச்சில் ஆயத்தமானால் போதும் என்கிறது. இடையில் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் பார்லிமெண்டைக் கூட்டித் தாராளமாகச் சம்மதம் பெற்றிருக்கலாமே என்று எடுத்துக் காட்டினார். ஏழு மாதம் பொறுக்கக்கூடிய ஆபத்து எப்படிப்பட்ட ஆபத்து என்பதற்குச் சர்க்கார் தரப்பில் திருப்தியான விடை இல்லை.

நீதிபதிகள் ஒருவர்பின் ஒருவராகத் தம் அபிப்பிராயங்களைச் சொல்லி முடிக்க 1638 ஜூன் ஆயிற்று. எழுவர் மன்னர் பக்கம். ஐவர் ஹாம்ப்டன் பக்கம். எழுவருள் ஒருவரான பிஞ்ச், ராஜ்ய பாதுகாப்புக்காகப் பிரஜைகளின் உடலையும் பொருளையும் கேட்கும் அரச உரிமையைப் பார்லிமெண்டின் எந்தச் சட்டமும் தடுக்க முடியாது என்றார். ஐவருள் குரோக்கும் ஹட்டனும் கப்பல் வரியே சட்ட விரோதம் என்று அஞ்சாது உரைத்தார்கள். குரோக் முதலில் தயங்கியதாகவும், மனச்சாட்சிக்கு மாறாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், வறுமை வந்தாலும் தாம் உடன் தாங்குவதாக அவருடைய மனைவியார் திடம் சொன்னதாகவும் அக்காலத்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஹாம்ப்டன் தோற்றார். ஆனால் விளைந்தது என்ன? அதுவரை ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டு கட்டினார்கள். 1635-ன் வரி ஏறக்குறைய முழுவதும் வசூலாகியிருந்தது. மன்னரின் நீதிபதிகளிலேயே ஐவர் இது தகாது என்று சொன்ன பின், ஊர் ஊராக மறுப்புப் பரவியது. 1639-ன் வரியில் கால் பங்குகூட வரவில்லை. மன்னர் கட்சியைச் சேர்ந்த சரித்திராசிரியர் கிளாரண்டன் பிரபுவே, இத்தீர்ப்பு ஜயித்தவரைவிடத் தோற்றவருக்கே அதிக நன்மையும் மதிப்பும் தந்தது என்று ஒப்புக்கொள்கிறார்.

ஸ்காட்லாந்துடன் மூண்ட சண்டையால் பொக்கிஷம் வறண்டு, 1640-ல் மன்னர் பார்லிமெண்டைக் கூட்ட நேர்ந்தது. பிஞ்ச் ஹாலந்துக்கு ஓடினார். 1641 ஆகஸ்டில் கப்பல் வரி சட்ட விரோதம் என்று சட்டமே பிறந்தது. ஹாம்ப்டனுக்கு எதிரான தீர்ப்பும் ரத்தாயிற்று. 1642 ஜனவரி 4-ஆம் தேதி மன்னர் ஆயுதமேந்திய வீரர்களுடன் வந்து சபைக்குள் தாமே நுழைந்து ஐந்து அங்கத்தினர்களைப் பிடிக்க முயன்றபோது, அவ்வைவரில் ஹாம்ப்டனும் ஒருவர். அவர்கள் முன்னரே தப்பியிருந்தார்கள். சில நாட்களில் பக்கிங்ஹாம்ஷயர் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் லண்டனுக்குத் திரண்டு வந்து தங்கள் பிரதிநிதியின் பக்கம் நின்றார்கள்.

அவ்வாண்டே உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஹாம்ப்டன் தம் ஜில்லாவில் காலாட்படை ஒன்றைத் திரட்டினார். 1643 ஜூன் 18-ஆம் தேதி சால்குரோவ் வெளியில் இளவரசர் ரூபர்ட்டின் படையோடு நடந்த சண்டையில் தோளில் படுகாயமுற்றார். ஆறு நாள் வேதனைப்பட்டு, சிறுவயதில் தாம் பாடம் படித்த அதே தேம் ஊரில் உயிர் துறந்தார். தாம் எழுப்பிய கேள்விக்கு முடிவான விடையை அவர் காணவில்லை. பார்லிமெண்டின் சம்மதமின்றி அரசர் பணம் தண்டுவது சட்ட விரோதம் என்று 1689-ன் உரிமைச் சட்டம் உறுதி செய்தபோது, அவர் மறைந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1774-ல் அமெரிக்கர்கள் மீது விதித்த வரியைக் கண்டித்துப் பேசிய எட்மண்ட் பர்க் நினைவூட்டியதும் அந்த 20 ஷில்லிங்கைத்தான்.

ஹாம்ப்டனின் பெயரைச் சொல்லிக்கொண்டு நியாயமான வரியை ஏய்ப்பவர்கள் எக்காலத்தும் உண்டு. அவர்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. உலோபி தன் பணத்தைக் காப்பாற்ற வரியை மறைக்கிறான். ஹாம்ப்டன் பிறர் பணத்தையும் காப்பாற்றத் தம் மறுப்பை ஜாபிதாவில் எழுதச் செய்தார். ஒளியவில்லை, அதிகாரியை வைது விரட்டவில்லை, கைக்கூலி கொடுத்துத் தொகையைக் குறைத்துக்கொள்ளவில்லை. எந்தச் சட்டத்தின்படி, யார் சம்மதத்தின்பேரில் என்று கேட்டார். கேட்டதற்கு விடை கிடைக்கும் வரை நின்றார். நின்றதன் விலையையும் கொடுத்தார்.

பவுன் ஒன்று அவருக்குத் துரும்பு. ஆனால் அதைப் பேசாமல் கொடுத்திருந்தால், அடுத்த வருஷம் பத்துக் கேட்கவும் அதற்கடுத்த வருஷம் நூறு கேட்கவும் அவரே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்ததாகும். சிறு தொகை என்று அலட்சியம் செய்யும் இடத்தில்தான் பெரிய உரிமைகள் கைநழுவுகின்றன. வரிச் சீட்டு வரும்போது தொகையைப் பார்ப்பது குடும்பஸ்தனின் கடமை. அதன் கீழே சொல்லப்பட்ட சட்டத்தையும் பார்ப்பது பிரஜையின் கடமை. இவ்விரண்டாவது கடமையைக் கற்பித்த ஆசான் என்றே ஜான் ஹாம்ப்டனை நாம் போற்றுகிறோம்.