புச்சி பாபுவை ஏன் எந்த கேமும் களமிறக்க முடியாது?

காலை எட்டரை மணிக்கு கொரட்டூரில் சென்ட்ரல் லோக்கல் ஏறினால், கம்பியைப் பிடித்தபடியே போனில் கிரிக்கெட் மேனேஜர் கேம் ஆடும் ஒருவரையாவது பார்க்கலாம். நீங்களாகவே கூட இருக்கலாம். டீம் எடுக்கணும், பேட்டிங் ஆர்டர் போடணும், யாருக்கு ஓவர் என்று முடிவு செய்யணும். மீதியை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

இந்த ஐடியா பேஸ்பாலில் ரொம்பப் பழசு. 1960-களின் தொடக்கத்திலேயே ஜான் பர்ஜசன் என்ற ஐபிஎம் ஊழியர், பழைய காலத்து வீரர்களை வைத்து பேஸ்பால் ஆடும் புரோகிராம் ஒன்றை எழுதிவிட்டார். அடிப்படை இன்றைக்கும் அதேதான். வீரரின் சாதனைக் கணக்கை எடுத்து, ஒவ்வொரு பந்துக்கும் என்ன நடக்க வாய்ப்பு அதிகம் என்று கணித்து, ஒரு ரேண்டம் எண்ணை உருட்டிவிடுவது.

அப்படியென்றால் சென்னையின் முதல் பெரிய மேட்ச்சை, 1908 சேப்பாக்கத்தை, ஆடிப் பார்க்க முடியுமா? முடியாது. காரணம் தெரியணும்னா புச்சி பாபுவின் கதை தெரியணும்.

யார் இவர்?

முழுப்பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. பிறப்பு 1868. ஆங்கிலேய வணிகர்களுக்கு இடைத்தரகர்களாக, அதாவது துபாஷ்களாக இருந்து செல்வம் சேர்த்த குடும்பம். வீடு மயிலாப்பூர் லஸ்ஸில். சின்ன வயசிலிருந்தே சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்.

அங்கேதான் சிக்கல். 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியர்களுக்கானது. அவர்களோடு ஆட வரும் இந்தியர்களுக்கு பெவிலியனில் இடமில்லை. மரத்தடியில் உடை மாற்றி, மரத்தடியிலேயே சாப்பிட வேண்டும். பணக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதே கதைதான்.

புச்சி பாபு மனு எழுதிக்கொண்டு உட்காரவில்லை. 1888-ல், இருபது வயசில், எஸ்பிளனேடு பகுதியில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். திறமை இருந்தும் வசதி இல்லாத பையன்களுக்கு மட்டை, பேடு, வெள்ளை உடை எல்லாம் அவர் செலவு. அடுத்த இருபது வருஷம் இதுதான் வேலை. கேம்களில் நாம் பட்டனைத் தட்டினால் பதினோரு பேர் வந்து நிற்கிறார்கள். இவரோ அந்தப் பதினோரு பேரை முதலில் உருவாக்க வேண்டியிருந்தது. அவர் செய்த வேலையில் பாதி எந்த மெனுவிலும் கிடையாது.

ஆள் தயாரானதும் அடுத்த ஆசை வந்தது: இந்தியர் அணி ஒரு பக்கம், ஐரோப்பியர் அணி மறுபக்கம். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பும் ஒப்புக்கொண்டது. 1908 டிசம்பருக்கு மேட்ச் குறித்தாகிவிட்டது. அதற்குச் சில நாள் முன்பு புச்சி பாபு இறந்துபோனார். வயது நாற்பது. மேட்ச் நடந்தது, அவர் இல்லாமல்.

கேமில் என்ன பிரச்சினை?

முதலில் ரூல்ஸ். அந்தக் காலத்தில், பந்து பவுண்டரிக்கு மேலே பறந்தாலே ஆறு கிடைத்துவிடாது. பொதுவாக மைதானத்தை விட்டே வெளியே போகணும். இது மாறியது 1910-ல். பிட்ச்சை மழையிலிருந்து மூடி வைக்கும் வழக்கமும் இல்லை. இன்றைய கேம் செட்டிங்கில் 1908-ஐ ஆடினால் ரன் தாறுமாறாக ஏறும்.

இதையாவது சரிசெய்துவிடலாம். எண்கள்தான் பெரிய தலைவலி. இந்தியர் - ஐரோப்பியர் ஆட்டம், அதாவது பிரசிடென்சி மேட்ச், முதல்தர அந்தஸ்து பெற்றது 1915-16 சீசனிலிருந்துதான். பதிவேடுகளும் அங்கிருந்துதான் பேச ஆரம்பிக்கின்றன. புச்சி பாபுவுக்கு முதல்தர சராசரி என்று எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆளே இல்லை.

இதற்கு நேர் எதிர், அவருடைய மகன் சி.ராமஸ்வாமி. (தத்து போனதால் இனிஷியல் வேறு.) 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 1936-ல், நாற்பது வயசில், இங்கிலாந்தில் இந்தியாவுக்காக டெஸ்ட் அறிமுகம். மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டே டெஸ்ட், 170 ரன், சராசரி 56.66.

இந்தச் சராசரியை அப்படியே கேமுக்குள் போட்டால் ராமஸ்வாமி உலகின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவராகிவிடுவார். நல்ல ஆட்டக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனா நாலு இன்னிங்ஸ் கணக்கை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது. நல்ல சிமுலேஷன், குறைந்த மேட்ச் ஆடியவர்களின் சராசரியைப் பொதுச் சராசரி பக்கம் கொஞ்சம் இழுத்துவிடும். அப்பாவுக்கு இழுக்கக்கூட எண் இல்லை.

பிரசிடென்சி மேட்ச் 1952 வரை நீடித்தது. பெரும்பாலும் பொங்கலையொட்டி நடக்கும் என்பதால் 'பொங்கல் மேட்ச்' என்றே ஊரில் பெயர். பழைய சேப்பாக்கத்தை ஆடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 1915-16-க்குப் பிந்தைய ஸ்கோர்கார்டுகளை எடுத்து, கேமில் இருக்கும் 'கஸ்டம் டீம்' வசதியில் வீரர்களை ஒவ்வொருவராக உருவாக்கலாம். சிக்ஸர் அளவைக் குறையுங்கள், பிட்ச்சை ஈரமாக வையுங்கள்.

புச்சி பாபு பெயரிலான தொடர் சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2023-ல் தமிழ்நாட்டில் மறுபடி தொடங்கியது. அதில் ஆடுகிற பையன்களின் ஸ்கோர் போனிலேயே கிடைக்கிறது.